வேட்டைக்கு வாய்வழித் திணிப்புத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் முறை

மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகவே போட்டு, திணிகோலால் இடித்து இறுக்கிச் சுடப்படும் துப்பாக்கி தமிழகக் கிராமங்களுக்குப் புதியதன்று. ஆயினும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இந்தியாவில் அதைக் கொண்டு வேட்டையாட இடமில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ பல மாநிலங்கள் இவ்வகைத் துப்பாக்கிக்கெனவே தனி வேட்டைப் பருவத்தை ஒதுக்கி வைத்திருப்பதால், அங்கு மான் வேட்டைக்குச் செல்வோர் பலர் இதை விரும்பி வாங்குகின்றனர். விலையையும் அழகையும் பார்த்து முதலில் துப்பாக்கியை வாங்கிவிட்டு, பிறகு அதற்கேற்ற பருவத்தைத் தேடுவதே அவர்களுள் சிலர் செய்யும் தவறு.

ஆகவே முதற்படி, வேட்டையாடவிருக்கும் மாநிலத்தின் அவ்வாண்டு விதிநூலைப் படிப்பதாகும். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பின் வரும் பருவத்தில் சிக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் துப்பாக்கிக்கு மட்டுமே இடமுண்டு. கொலராடோவின் தனிப் பருவத்திலோ தொலைநோக்கிக் குறிகாட்டியும், வில்லைகளாக வார்க்கப்பட்ட மருந்தும், குண்டைச் சுற்றிவரும் சாபோ எனப்படும் பிளாஸ்டிக் உறையும் விலக்கப்பட்டுள்ளன; அங்கு மானுக்குக் குறைந்தது 0.40 அங்குலமும், எல்க் எனும் பெரிய மானினத்துக்கு 0.50 அங்குலமும் குழல்விட்டம் வேண்டும். ஐடஹோ இன்னும் கடுமையானது: பற்றவைக்கும் பகுதி வெளியே தெரிய வேண்டும் என்பதோடு, நவீனத் துப்பாக்கிகளின் 209 எண் பிரைமர் எனும் பற்றவைப்பானும் அங்குள்ள தனிப் பருவத்தில் செல்லாது.

விதி தெளிவானபின் பற்றவைப்பு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிக்கிமுக்கி வகையில், குதிரை எனப்படும் அடிப்பானின் வாயில் கவ்விய கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி சிந்த, கிண்ணியிலுள்ள மருந்து பற்றி, சிறு துளை வழியே உள்மருந்துக்குத் தீ செல்கிறது. இதில் நேரும் நொடிப்பொழுது தாமதத்துக்குள் கை அசையாதிருப்பதற்குப் பயிற்சி வேண்டும், மழையிலோ பயிற்சியும் கைகொடுப்பதில்லை. கேப்பு வகையில், முலை போன்ற சிறு குழாயின் மேல் பொருத்தப்படும், அடித்தால் வெடிக்கும் கேப்பு எனும் சிறு மூடியைக் குதிரை தாக்குவதால் தீ விரைவாகவும் உறுதியாகவும் பற்றுகிறது. மிசௌரியைச் சேர்ந்த டோனி நைட் 1985இல் வெளியிட்ட எம்கே-85 வழியாகப் பரவிய இன்லைன் வகையில், பற்றவைப்பான் குழலுக்கு நேர் பின்னால் அமைவதால் தாமதம் மிகக் குறைவு. விதி இடங்கொடுக்கும் மாநிலத்தில் முதன்முறை வேட்டைக்குச் செல்பவருக்கு இன்லைனே எளிது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் வேட்டையாட எண்ணுபவருக்கு இன்லைனைவிடக் கேப்பு வகையே கூடுதல் இடங்களில் செல்லுபடியாகும்.

பலரும் கவனிக்கத் தவறுவது குழலுக்குள் வெட்டப்பட்டிருக்கும் மரைகளின் சுற்றுவீதத்தை. அதாவது குண்டு எத்தனை அங்குலம் நகர்வதற்குள் ஒரு முழுச் சுற்றுச் சுழல்கிறது என்பதை. எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணியில் பொதிந்து இறக்கப்படும் ஈய உருண்டைக்கு 60 அல்லது 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான மரை ஏற்றது. நீண்ட கூம்புக் குண்டுக்கும் சாபோவுக்கும் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும், ஏனெனில் நீளம் கூடக்கூடக் குண்டு தடுமாறாமலிருக்கச் சுழற்சியும் கூட வேண்டியுள்ளது. லைமன் கிரேட் பிளெய்ன்ஸ் துப்பாக்கி 60 அங்குல மரையுடனும், தாம்சன் சென்டரின் ஹாக்கன் 48 அங்குல மரையுடனும் வந்தவை. பின்னது உருண்டைக்கும் கூம்புக் குண்டுக்கும் பொதுவாக அமைந்த சமரசம் என்பதால் எதிலும் உச்சத் துல்லியத்தை எதிர்பார்க்கக் கூடாது. விட்டத்தைப் பொறுத்தவரை, 0.45 குழலுக்குரிய ஈய உருண்டை ஏறத்தாழ 128 கிரெயின் எடையும் (7000 கிரெயின் ஒரு பவுண்டு) 0.50 குழலுக்குரியது ஏறத்தாழ 177 கிரெயின் எடையும் கொண்டிருப்பதால், வெண்வால் மானுக்கும் எல்க்குக்கும் ஒரே துப்பாக்கி போதுமென எண்ணுபவர் 0.50ஐ விட்டு வேறு தேட வேண்டியதில்லை. உருண்டைக் குண்டின் வேகம் தொலைவில் விரைந்து குன்றுவதால், 100 கஜத்துக்கு அப்பால் அதைக் கொண்டு மானைச் சுடாதிருப்பதே முறை.

மருந்து பற்றவைப்பைத் தொடர்ந்து தானே முடிவாகிவிடும். வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கருமருந்து சிக்கிமுக்கி வகைக்கு இன்றியமையாதது. பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் பற்றுவதற்குக் கூடுதல் வெப்பம் தேவைப்படுவதால் அவ்வகையில் பெரும்பாலும் ஏமாற்றிவிடும். பிளாக்ஹார்ன் 209 எனும் மருந்து, அதன் பெயர் காட்டும் பிரைமரோடு மட்டுமே நம்பத்தக்கது. புகையில்லா மருந்தை, அதற்கெனவே செய்யப்பட்டதாகத் தயாரிப்பாளர் குறிப்பிடாத எந்தத் துப்பாக்கியிலும் ஒரு சிட்டிகையும் இடலாகாது. குழலே வெடித்துக் கையையும் கண்ணையும் பறித்துவிடும்.

இறுதிப்படி, துப்பாக்கியைக் கையிலெடுத்துச் சோதிப்பது. பயன்படுத்தியதை வாங்குவதாயின், குழலின் வாயைத் தம்மிடமிருந்தும் பிறரிடமிருந்தும் விலக்கிப் பிடித்து, கேப்போ பிரைமரோ பொருத்தப்படவில்லை என்றும், சிக்கிமுக்கி வகையானால் கிண்ணி வெறுமையாக உள்ளது என்றும் உறுதிசெய்துகொண்டு, திணிகோலை உள்ளே இறக்கி வாயருகே விரலால் குறித்துக்கொள்ள வேண்டும். கோலை வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பார்க்கையில் அதன் நுனி தீத்துளைக்கோ கேப்புக் குழாய்க்கோ அருகில் எட்டாமல் சில விரற்கடை முன்னே நின்றுவிட்டால், பழைய மருந்தும் குண்டும் உள்ளேயே இருக்கக்கூடும். அவை அகற்றப்படும்வரை வேறெதையும் சோதிக்கக் கூடாது. குழல் வெறுமையானதென உறுதியானபின், இறுக்கமான துணித்துண்டைக் கோலில் சுற்றி மெல்ல இழுத்தால், துருவரித்த இடத்தில் துணி சொரசொரப்பாக இடறும். கருமருந்தின் எச்சம் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், முன்னவர் ஒரே ஒரு முறை கழுவ மறந்திருந்தாலும் குழல் அவ்வாறு அரித்திருக்கக்கூடும். சிக்கிமுக்கி வகையாயின், வெற்றுக் கிண்ணியுடன் இருட்டறையில் குதிரையைத் தட்டி, பொறிகள் கிண்ணிக்குள்ளேயே விழுகின்றனவா எனப் பார்க்கலாம். இன்லைனாயின் குழலின் பின்முனையை மூடும் அடிமறையைத் திருகிக் கழற்றச் சொல்லவேண்டும். அது இறுகிப்போய்க் கழல மறுக்குமானால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.