கூடைப்பந்தும் பெண்களும்

நாம் மாலையில் ஆடும் கூடைப்பந்து 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தது. ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி இதனைத் தொடங்கினார்.

மறு ஆண்டே செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை, ஸ்மித் கல்லூரி மாணவியருக்கு இதைக் கற்றுக் கொடுத்தார். ஆயினும், பெண்கள் களைத்துவிடுவர் என்று அஞ்சி ஆடுகளம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. தன் பகுதியை விட்டு ஒருத்தியும் நகரக்கூடாது! காலப்போக்கில் அக்கோடுகள் அழிந்தன. ஒலிம்பிக்கில் ஆண்கள் 1936இல் ஆடினர்; பெண்களோ 1976 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் புதுவைக்கு அருகிலுள்ள சென்னையின் அனிதா பால்துரை இந்திய அணித் தலைவியாக விளங்கினார். தாயான பின்னும் களம் திரும்பினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

மூன்றில் ஒரு பங்கே போதும் எனப்பட்ட பெண்களுக்கு இன்று முழு ஆடுகளமும் உண்டு. அதில் இறங்கி ஆடுவது நம் பொறுப்பன்றோ!