கடல் கடந்த கதைப்பாடல்

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மக்கள் பலர் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் குடியேறினர். அவர்தம் கதைப்பாடல்களும் உடன் சென்றன. ஏட்டில் அன்று, நாவில்.

அவற்றுள் ஒன்று ‘பார்பரா ஆலன்’. லண்டனில் ஒரு நடிகை அதனைப் பாடக் கேட்டதாகச் சாமுவேல் பெப்பீஸ் 1666இலேயே நாட்குறிப்பில் எழுதியுள்ளார். நோயுற்ற காதலனிடம் கடுமை காட்டியவள், அவன் இறந்ததும் துயரால் தானும் இறக்கிறாள். அவன் கல்லறையில் ரோஜாவும் அவள் கல்லறையில் முட்செடியும் முளைத்து, உயர வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ரோஜா அன்பின் குறியீடு. முள்ளோ அவளது கடுமையையும் நினைவூட்டுகிறது. பாடல் அதனை மறைக்கவில்லை. வாழ்வில் கூடாதவை மண்ணுக்கு மேலே கூடுகின்றன.

1916 முதல் 1918 வரை செசில் ஷார்ப்பும் மாட் கார்ப்பலஸும் அம்மலையூர்களில் இத்தகைய பாடல்களைக் கேட்டு எழுதினர். இங்கிலாந்தில் முதியோர் நாவில் மட்டுமே எஞ்சியிருந்த பாடல்களை அங்கே சிறுவரும் பாடக் கேட்டு ஷார்ப் வியந்தார்.