அஞ்சல்வழிச் சதுரங்கம்

சதுரங்கம் ஓர் அறிவுப்போர். அதனை ஆடுவோர் இருவரும் பலகையின் இருபுறமும் அமர்ந்து ஆடுதல் இயல்பு. ஆயின், கோவையில் வாழும் ஆட்டவல்லார் ஒருவரும் தாராபுரத்து மாணவன் ஒருவனும் தத்தம் ஊரிலிருந்தே ஆட விரும்பின் யாது செய்வது? அஞ்சல் அவர்க்குத் துணைசெய்யும்.

பலகையின் 64 கட்டங்களுக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர்கள் உண்டு. எக்காயை எக்கட்டத்திற்கு நகர்த்துவது என்பதை ஒருவர் அட்டையில் எழுதி அனுப்புவார். மற்றவர் தம் பலகையிலும் அக்காயை அவ்வாறே நகர்த்திப் பார்த்து, விடை எழுதுவார். ஓராட்டம் முடியத் திங்கள் பல ஆகும்; ஆண்டுகளும் ஆகலாம்.

நேரில் ஆடுங்கால் வல்லவரின் விரைவு பயிற்சி குறைந்தவனைக் கலங்கச் செய்யும். அஞ்சலாட்டத்திலோ அவன் நாட்கணக்கில் சிந்திக்கலாம், நூல்களையும் ஆராயலாம். ஆற்றலிற் குறைந்தவனுக்குப் பொறுமையே படைக்கலமாகிறது.

1824ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவின் சதுரங்கக் கழகம், இலண்டன் கழகத்தோடு அஞ்சல்வழி ஆடத் தொடங்கியது. எடின்பரோக் கழகம் 1822இல் தோன்றியது; இலண்டன் கழகமோ 1807 முதல் நிலவியது; பெயர்பெற்ற ஆட்டவல்லாரைக் கொண்டது. இரண்டாம் ஆட்டத்தில் இலண்டனார் ஒரு நகர்த்தலை எழுதியனுப்பியபின், அதன் பிழையுணர்ந்து திரும்பப்பெற விழைந்தனர். எடின்பரோவினர் அதற்கு இசைந்திலர். அவ்வாட்டம் எடின்பரோவுக்கே வெற்றியாயிற்று. 1828 வரை நிகழ்ந்த ஐந்து ஆட்டங்களில் எடின்பரோ இரண்டிலும், இலண்டன் ஒன்றிலும் வென்றன. எஞ்சிய இரண்டும் வெற்றிதோல்வியின்றி முடிந்தன.

அவ்வாண்டிலேயே நம் நாட்டில் சென்னையும் ஐதராபாத்தும் அஞ்சல்வழி இரண்டு ஆட்டங்கள் ஆடத் தொடங்கின. இருப்புப்பாதை தோன்றாத காலம் அது. சென்னையின் சார்பில் ஆடியவருள் ஒருவர் குலாம் காசிம். அவர் ஜேம்ஸ் காக்ரேன் என்பாருடன் இணைந்து இயற்றிய சதுரங்க நூல் 1829இல் சென்னையில் வெளிவந்தது. அவ்விரு ஆட்டங்களும் அதில் இடம்பெற்றன. ஆட்டத் தொடக்க முறையொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

இக்காலத்தில் மின்னஞ்சல் வழியாகவும் இவ்வாட்டம் நடைபெறுகிறது. செய்தி நொடியில் சென்று சேர்கிறது. எனினும் அனுப்பிய நகர்த்தல் அன்றும் மீளவில்லை, இன்றும் மீளாது. ஆகலின் தாராபுரத்து மாணவன் தன் விடையை எழுதிய உடனே அனுப்பாது, ஓரிரவு வைத்திருந்து, காலையில் பலகையை மீண்டும் ஒருமுறை நோக்குவானாயின், கோவை வல்லுநரும் அவன் அட்டையைக் கண்டு நெடுநேரம் சிந்திக்க நேரும்.