ஒரே என்ஜின், வெவ்வேறு மதிப்பு

ஓசூரில் 1980ஆம் ஆண்டு டி.வி.எஸ். 50 மொபெட்டின் உற்பத்தி தொடங்கியது. அதன் என்ஜினின் கொள்ளளவு ஏறக்குறைய 50 கன சென்டிமீட்டர்தான். ஆனாலும் அது இருவரைச் சுமந்து சென்றது. வண்டி மிகவும் இலேசானது என்பதே காரணம். ஆகவே, என்ஜின் பெரிதா, சிறிதா என்று கேட்டால் மட்டும் போதாது. அது எந்த வண்டியை இழுக்கப் போகிறது என்றும் கேட்க வேண்டும். இக்கேள்விக்குத் தவறான விடை கண்டால் என்ன ஆகும்? ஒரு பழைய பிரிட்டிஷ் என்ஜினின் கதையைப் பார்ப்போம்.

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனி 1947இல் வான்கார்டு என்னும் காரை அறிமுகப்படுத்தியது. அதில் இருந்தது நான்கு சிலிண்டர் என்ஜின். சிலிண்டர் உறைகளைக் கழற்றி மாற்றலாம், உறுதியும் அதிகம். அதே குடும்பத்தைச் சேர்ந்த என்ஜின் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது.

டிராக்டருக்கு உறவான என்ஜின் பந்தயக் காருக்கு ஆகுமா? ஆயிற்று! 1953இல் வந்த டிரையம்ஃப் டி.ஆர்.2 என்னும் ஸ்போர்ட்ஸ் காரில் அதையே பொருத்தினார்கள். சிலிண்டரின் விட்டத்தை 85 மில்லிமீட்டரிலிருந்து 83 ஆகக் குறைத்தார்கள். பிஸ்டன் நகரும் தூரம் 92 மில்லிமீட்டர். உருளையின் கன அளவு காணும் சூத்திரம் உங்களுக்குத் தெரியுமே! கணக்கிட்டு நான்கால் பெருக்குங்கள். 1,991 கன சென்டிமீட்டர் வரும். இரண்டு லிட்டருக்கு உட்பட்ட பந்தயப் பிரிவில் கலந்துகொள்ளவே இந்த ஏற்பாடு. 90 குதிரைத்திறன் கொண்ட அந்தக் கார் மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது.

இனி தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ காரை வெளியிட்டது. அதன் அழகிய உடல் பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காருடையது. 1976இல் ரோவர் வந்தபோது அதில் 3.5 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் என்ஜின் இருந்தது. சென்னைக் காரிலோ, சில மாற்றங்களுடன் அதே பழைய 1,991 கன சென்டிமீட்டர் என்ஜின்!

குதிரைத்திறனை டன் எடையால் வகுத்துப் பாருங்கள். எடைகள் தோராயமானவை.

டி.ஆர்.2: 90 ÷ 0.95 = சுமார் 95.
ரோவர்: 155 ÷ 1.35 = சுமார் 115.
ஸ்டாண்டர்டு 2000: 83 ÷ 1.3 = சுமார் 64.

என்ஜின் ஒன்றே, ஆனால் இலேசான காரில் பாய்ந்தது, கனமான காரில் திணறியது. எரிபொருளும் அதிகம் குடித்தது. காரின் விலையும் அதிகம். 1988இல் உற்பத்தி நின்றுவிட்டது.

1984இல் வந்த கான்டெஸா காருக்கும் இதே தொல்லை. அம்பாசிடரின் 1,489 கன சென்டிமீட்டர் என்ஜின் அந்தப் பெரிய உடலுக்குப் போதவில்லை. ஆனால் பின்னர் ஜப்பானின் இசுசூ நிறுவனத்தின் 1.8 லிட்டர் என்ஜின் அதற்குக் கிடைத்தது. அந்தக் கார் 2002 வரை உற்பத்தியில் நீடித்தது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சேகரிப்போர் கணக்கு வேறு. தொழிற்சாலையில் பொருத்திய அதே என்ஜின் இருக்கிறதா என்று எண்ணைச் சரிபார்ப்பார்கள். இருந்தால் விலை கூடும். வேறு வலிய என்ஜினை மாற்றிப் பொருத்தினால் வேகம் கூடலாம். ஆனால் சேகரிப்போரிடம் பெரும்பாலும் விலை குறையும். சாலையில் மதிப்பு பொருத்தத்தால். சேகரிப்பில் மதிப்பு வரலாற்றால்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் சாலை ஏறக்குறைய 400 மீட்டர் உயர்கிறது. சுமையுடன் 16 டன் எடையுள்ள லாரிக்கு 110 குதிரைத்திறன் என்றால், டன்னுக்கு 7 கூட இல்லை. ஏற்றத்தில் அது ஏன் கியரைக் குறைத்து ஊர்ந்து செல்கிறது என்று இப்போது புரிகிறதா? உங்கள் வீட்டு வண்டிக்கும் இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏறுபவர்களின் எடையையும் சேர்க்க மறவாதீர்கள்!