கல்லூரி அழித்த கிரேடை ஆம்காஸ் அழிப்பதில்லை

அமெரிக்காவில் மருத்துவம் படிக்க ஆசைப்படும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் காலெடுத்து வைக்கும் முதல் வாரமே சொல்ல வேண்டிய சேதி ஒன்று உண்டு. கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் அச்சாகியிருக்கும் ஜிபிஏ வேறு, மருத்துவக் கல்லூரி பார்க்கப்போகும் ஜிபிஏ வேறு. எம்டி பட்டம் தரும் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பம் போவது ஆம்காஸ் வழியாக. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி நடத்தும் சேவை அது. உங்கள் கல்லூரி போட்டுக் கொடுத்த எண்ணை ஆம்காஸ் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பாடம் பாடமாகப் பிரித்து, தன் விதிப்படி முதலிலிருந்து கூட்டுகிறது. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்து பிசிபிஎம் என்று ஓர் எண், மற்ற பாடங்களுக்கு ஓர் எண், மொத்தத்துக்கு ஓர் எண் என ஆண்டுவாரியாக வரிசைப்படுத்துகிறது. இந்தக் கணக்கில் அடிபட்டு, தாமதமாக உள்ளே நுழைந்தவள் நான். என்னிடம் யோசனை கேட்பவர்களோ மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்கு எந்தப் புத்தகம், எந்த மருத்துவமனையில் தன்னார்வப் பணி என்றுதான் கேட்கிறார்கள். அவற்றை எல்லோரும் சொல்வார்கள். சொல்ல ஆளில்லாத விஷயத்தை நான் சொல்கிறேன்.

எல்லாவற்றிலும் அதிக விலை கொடுக்க வைப்பது, ‘திரும்பப் படித்தால் பழைய கிரேடு போய்விடும்’ என்ற நம்பிக்கை. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கல்லூரி ஆலோசகர்களே. அவர்கள் சொல்வது பொய்யும் அல்ல. பல கல்லூரிகளில் பாடத்தைத் திரும்ப எடுத்தால் புதிய கிரேடு மட்டுமே அந்தக் கல்லூரியின் ஜிபிஏவில் சேரும். ஆனால் ஆம்காஸ் இரண்டையும் கூட்டும். நான்கு கிரெடிட் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி வாங்கி, திரும்ப எடுத்து ஏ வாங்கினால் கல்லூரிக் கணக்கில் அது 4.0. ஆம்காஸ் கணக்கில் எட்டு கிரெடிட்டுக்குச் சராசரி 3.0. ஒரு செமஸ்டரும் அதற்கான கட்டணமும் செலவழித்த பிறகு கிடைப்பது இவ்வளவுதான். அதே செமஸ்டரில் பயோகெமிஸ்ட்ரி போன்ற மேல்நிலைப் பாடத்தை எடுத்து ஏ வாங்கினாலும் எண் இதே அளவுதான் ஏறும். கூடவே ஒரு புதிய பாடமும் கைவசமாகும். சி மைனஸோ அதற்குக் கீழோ வாங்கியிருந்தால் திரும்ப எடுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் பல கல்லூரிகள் அதை முன்தேவைப் பாடமாக ஏற்காது. சியோ அதற்கு மேலோ இருந்தால், திரும்ப எடுக்கச் சொல்லும் ஆலோசகரிடம் ‘ஆம்காஸ் கணக்கில் எவ்வளவு ஏறும்’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரின் யோசனை உங்களுக்கு வேண்டாம். டிஓ எனும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் தரும் கல்லூரிகளுக்கான விண்ணப்பச் சேவையில் மட்டும் பழைய கிரேடை மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. 2017இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் படித்தவர்கள் சொல்லும் கதையை வைத்து இன்று முடிவெடுக்க வேண்டாம்.

இரண்டாவது பள்ளம் நம்மவர்கள் பெருமையாக இறங்குவது. பத்தாம் வகுப்பிலேயே கம்யூனிட்டி காலேஜில் கால்குலஸ் படிக்க வைக்கும் டூயல் என்ரோல்மென்ட்டைச் சொல்கிறேன். பதினாறு வயதில் வாங்கிய அந்த பி மைனஸ் கல்லூரி கிரேடாகவே ஆம்காஸில் ஏறும். பள்ளியிலேயே எழுதும் ஏபி தேர்வில் கிடைக்கும் கல்லூரி கிரெடிட்டுக்குக் கிரேடு கிடையாது, ஆகவே அது ஜிபிஏவைத் தொடாது. இரண்டும் ஒன்று என்று எண்ணிப் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஏபி கிரெடிட்டை நம்பி முதலாண்டிலேயே மேல்நிலை அறிவியலுக்குத் தாவுவதும் இதே வகை ஆபத்து. முதலாண்டில் சறுக்கினால் மீள்வது கடினம். பட்டத்துக்கு 120 கிரெடிட் என்று வையுங்கள். முதலாண்டின் 30 கிரெடிட்டில் 2.5 வாங்கியவர் மொத்தத்தில் 3.7 எட்ட வேண்டுமானால், மீதி 90 கிரெடிட்டில் 4.1 வாங்க வேண்டும். அப்படி ஓர் எண்ணே கிடையாது. ஏ பிளஸையும் ஆம்காஸ் 4.0 என்றுதான் எடுத்துக்கொள்ளும். முதலாண்டில் 3.0 வாங்கியிருந்தால்கூட மீதி மூன்று ஆண்டும் 3.93 வேண்டும். ரசத்தில் உப்பு கூடிப்போனால் தண்ணீர் விட்டு விளாவலாம், விழுந்த உப்பை எடுக்க முடியாது. 2023-24இல் மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.77 என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

‘இப்போதெல்லாம் ஆளை முழுமையாகப் பார்க்கிறார்கள், கிரேடு ஒரு பகுதிதான்’ என்று மறுப்பவர்கள் உண்டு. ஏஏஎம்சியே இந்த முழுமைப் பார்வையைப் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறது. அதில் உண்மை இருக்கிறது. ஏஏஎம்சி வெளியிடும் ஜிபிஏ–எம்கேட் அட்டவணையில் இரண்டும் உச்சத்தில் இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு இடம் கிடைக்கிறது, ஒருவர் வெளியே நிற்கிறார். ஆக, எண் மட்டும் யாரையும் உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. ஆனால் அதே அட்டவணையில் கீழ்நோக்கி நகர நகர வாய்ப்பு சரிவதும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் விண்ணப்பம் வருகிறது, இடங்களோ இருபத்து மூவாயிரத்தை ஒட்டி. இத்தனை பேரின் கட்டுரைகளையும் ஒரே கவனத்தோடு படிக்கும் கமிட்டி எங்கும் இல்லை. சில கல்லூரிகள் ஆம்காஸுக்குப் பிறகு தாங்களே கேட்கும் இரண்டாம் விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே எண்ணை வைத்து வடிகட்டுகின்றன. சில எல்லோருக்கும் அனுப்பிக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு பிறகு வடிகட்டுகின்றன. முழுமைப் பார்வை நிஜம்தான், ஆனால் அது தொடங்குவது வடிகட்டலில் தேறியவர்களிடம். வரிசையில் முதலில் வருவது எண் என்பதை மறைத்துப் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்வது அவர்களுக்குச் செய்யும் உதவி அல்ல.

‘கடினமான கல்லூரி, கடினமான பாடம் என்பது அவர்களுக்குத் தெரியும், அதற்கேற்ப எடை போடுவார்கள்’ என்பது இன்னொரு மறுப்பு. எஞ்சினியரிங் படித்தபடி மருத்துவத்துக்குப் போக நினைக்கும் பிள்ளைகளின் வீடுகளில் இதை அடிக்கடி கேட்கலாம். தனித்தனிக் கமிட்டிகள் தங்களுக்குள் அப்படி எடை போடக்கூடும். ஆம்காஸின் எண்ணில் மட்டும் எந்தத் திருத்தமும் நடப்பதில்லை. பிரின்ஸ்டன் 2004இல் ஏ வகைக் கிரேடுகள் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று துறைகளுக்கு வரம்பு வைத்து, 2014இல் கைவிட்டது. யேலில் 2022-23இல் தரப்பட்ட கிரேடுகளில் ஏறத்தாழ 79 சதவீதம் ஏ அல்லது ஏ மைனஸ். வரம்பு இருந்த ஆண்டுகளில் பிரின்ஸ்டனில் வாங்கிய பி பிளஸும் இன்று யேலில் வாங்கும் பி பிளஸும் ஆம்காஸ் கணக்கில் ஒரே 3.3தான். இப்படிப்பட்ட எண்ணை வைத்து ஆளை அளப்பது நியாயமா என்று கேட்டால், முழு நியாயம் இல்லை என்பதே என் கட்சி. கல்லூரிக்குக் கல்லூரி மாறும் ‘திரும்பப் படிக்கும்’ விதிகளை ஒரே அளவுகோலுக்குள் கொண்டுவர ஆம்காஸுக்குக் காரணம் உண்டு. பணம் இருப்பவர் திரும்பத் திரும்பப் படித்துக் கிரேடை வாங்கிவிடாமல் அது தடுக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்தொன்பது வயதின் ஒரு செமஸ்டர் முப்பது வயதிலும் துரத்த வேண்டும் என்பதற்கு அந்தக் காரணம் போதாது. டெக்சாஸ் மாநிலச் சட்டம், அம்மாநிலவாசிகள் பத்து ஆண்டுக்கு முந்தைய பாடங்களைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க இடம் தருகிறது. நல்ல கிரேடும் சேர்ந்தே போய்விடும் என்ற நிபந்தனையோடுதான். அதனால் டெக்சாஸில் மருத்துவர்களின் தரம் கெட்டுவிட்டதாக யாரும் காட்டியதில்லை.

ஏற்கெனவே அடிபட்டவர்களுக்கு: பட்டம் முடித்தபின் எடுக்கும் இளநிலைப் பாடங்கள், அதாவது போஸ்ட்-பாக், இளநிலை ஜிபிஏவில் கூடும். மாஸ்டர்ஸ் கிரேடுகள் தனி வரியில் நிற்கும், இளநிலை எண்ணை அசைக்காது. ‘ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்’ என்று பெரும் கட்டணத்துக்கு விற்கப்படும் படிப்புகளை நான் ஒதுக்கிவிட்டு உள்ளூர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலை அறிவியல் பாடங்களை எடுத்ததற்கு இதுவே காரணம். அதைக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். இன்றும் அந்த முடிவையே எடுப்பேன். சென்னையிலோ கோவையிலோ பட்டம் முடித்துவிட்டு வந்தவர்களுக்கும் இதே வழிதான், ஏனென்றால் வெளிநாட்டுக் கல்லூரிக் கிரேடுகளை ஆம்காஸ் கணக்கில் சேர்ப்பதில்லை. இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு: பாடத்தை விட்டு விலகினால் விழும் டபிள்யூ ஜிபிஏவில் சேராது. ஒன்றிரண்டு இருந்தால் பெரிதாகக் கேட்கவும் மாட்டார்கள். விலகுவதற்கான கடைசித் தேதி கல்லூரி நாள்காட்டியில் இருக்கும். முதல் இரண்டு மிட்டெர்ம் மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தத் தேதிக்கு முந்தைய வாரம் ஆம்காஸ் முறையில் ஒருமுறை கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள். வீட்டில் யார் என்ன சொல்வார்கள் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.