தீக்குச்சியும் வால்வ் டியூபும்

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகையில் இட்டார்சி ஜங்ஷனை நம்மில் பலர் கடந்திருப்போம். அந்த ஸ்டேஷன் இருக்கும் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்கு 2022 முதல் நர்மதாபுரம் என்று பெயர். நாம் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே தாண்டிவிடும் அந்த மண்ணில் 30 ஆண்டுகள் ஓர் அரிய கல்வி முயற்சி நடந்தது.

1972-இல் கிஷோர் பாரதி, ரசூலியா ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் இதைத் தொடங்கின. அறிவியலில் மனப்பாடம் கிடையாது. பிள்ளைகளே சோதனை செய்து, கண்டதை எழுத வேண்டும். தேர்விலும் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம்! 1978-இல் மாவட்டம் முழுவதும் பரவிற்று. 1982-இல் ஏகலவ்யா நிறுவனம் உருவாகிப் பொறுப்பேற்றது.

இதை நடத்த ஆட்கள் எங்கே கிடைத்தார்கள்? பம்பாய், தில்லி விஞ்ஞானிகள் வந்து உதவினார்கள், உண்மைதான். ஆனால் வகுப்பு எடுத்தவர்கள் அதே அரசுப் பள்ளி ஆசிரியர்கள். கோடைப் பயிற்சியில் அவர்களையே மாணவர்போல் உட்கார்த்திச் சோதனை செய்ய வைத்தார்கள். மாதந்தோறும் கூட்டம். எந்தச் சோதனை வரவில்லை, எந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்று அங்கே பேசலாம். அப்படித் தேறிய ஆசிரியர்கள் பலர் பிற்பாடு மற்ற ஆசிரியர்களுக்கே பயிற்சி தந்தார்கள்.

எனக்கு இதில் வியப்பில்லை. தண்டவாளப் பராமரிப்பில், "எல்லாம் சரியாக இருக்கிறது சார்" என்று சொல்லும் கேங் மேட்டை நான் நம்பியதில்லை. "ஓரிடத்தில் சந்தேகமாயிருக்கிறது, வந்து பாருங்கள்" என்பவரிடம்தான் செக்‌ஷனை விட்டுவிட்டுத் தூங்கலாம்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து டெல்கோவில் பணிபுரிந்த அர்விந்த் குப்தா 1978-இல் விடுப்பெடுத்து அங்கே சென்றார். சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சிகளையும் வைத்து அவர் செய்த மாதிரிகள் இன்று பல நாட்டுப் பிள்ளைகளின் கையில் இருக்கின்றன. நீங்களும் செய்யலாம். டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மருந்தைச் சுரண்டிய குச்சிகளைச் செருகி, ஒரு சதுரமும் ஒரு முக்கோணமும் செய்யுங்கள். இரண்டையும் பக்கவாட்டில் அழுத்துங்கள். சதுரம் சாயும், முக்கோணம் அசையாது. சதுரத்துக்குள் மூலைவிட்டமாகச் சற்று நீளமான குச்சி ஒன்றைக் கொடுங்கள், அதுவும் நின்றுவிடும். ரயில் பாலத்தின் இரும்புச் சட்டங்கள் ஏன் முக்கோணமாக இருக்கின்றன என்று குழந்தை தானே சொல்லும். டிப்ளமோ வகுப்பில் எனக்கு இதைக் கரும்பலகையில்தான் காட்டினார்கள்.

சுமார் 1000 பள்ளிகளுக்குப் பரவிய இத்திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மட்டும் அங்கேயே இருந்தார்கள்.

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு இரண்டு ஆண்டுகளாக ஆசிரியர் இல்லை. எம்.ஏ. தமிழ் படித்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இதற்குள் 20 பிள்ளைகள் எழுத்தை மறந்தே போனார்கள். வகுப்பு நடந்தபோது பின்வரிசையில் உட்கார்ந்து, பேரனோடு சேர்ந்து தானும் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்த மாமியை யாராவது கேட்டோமா? வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு அவரை அழைத்து வாருங்கள். தீப்பெட்டியும் வால்வ் டியூபும் நான் கொண்டுவருகிறேன்.