மழை இரவில் திறந்த கதவு

வீட்டில் வருமானம் நன்றாக இருக்கும்போது நாலு பேருக்கு இலை போடுவது எளிது. நவராத்திரிக்கு ஊரையே அழைத்து வெற்றிலை பாக்கு கொடுப்போம். கோயில் அன்னதானத்துக்குக் கேட்காமலே பணம் கட்டுவோம். ஆனால் ஒருநாள் திடீரென்று கணவருக்கு வேலை போகிறது. அல்லது மாமியாருக்கு உடம்பு முடியாமல் சேமிப்பெல்லாம் கரைகிறது. அப்போது நாம் முதலில் செய்வது என்ன? வாசல் கதவைச் சாத்திக்கொள்கிறோம். 'நம் கஷ்டமே பெரிதாக இருக்கிறது, இதில் யாருக்கு என்ன செய்வது' என்று மனமும் சேர்ந்து மூடிக்கொள்கிறது.

இப்படிக் கதவு மூடத் தோன்றும் நேரத்தில் நினைத்துக்கொள்ள வேண்டியவர் இளையான்குடி மாறநாயனார். இவருடைய ஊர் இன்று சிவகங்கை மாவட்டத்தில், பரமக்குடிக்கு அருகில் இருக்கிறது. 63 நாயன்மார்களில் ஒருவரான இவரது வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் பாடியிருக்கிறார்.

நிலபுலன்களோடு செழிப்பாக வாழ்ந்தவர் மாறனார். வீடு தேடி வரும் சிவனடியாரை எதிர்கொண்டு அழைத்து, பாதம் கழுவி, அறுசுவை உணவு படைப்பது அவருடைய அன்றாடத் தொண்டு. செல்வம் போனாலும் இந்த அன்பு போகாது என்பதை உலகுக்குக் காட்டச் சித்தம் கொண்டார் ஈசன். சொத்து சிறிது சிறிதாகக் கரைந்தது. இருந்ததை விற்றும், கடன் வாங்கியும் மாறனார் அடியார்களுக்கு அமுது படைத்து வந்தார்.

ஒரு மழைக்கால நள்ளிரவு. தம்பதியர் இருவரும் பட்டினி. அந்த நேரத்தில் அடியார் கோலத்தில் வந்து கதவைத் தட்டினார் ஈசன். மாறனார் கதவைத் திறந்தார். நனைந்திருந்த திருமேனியைத் துடைத்து, இருக்க இடம் தந்தார். பிறகு மனைவியிடம் வந்து, "இவருக்கு எப்படி அமுது படைப்பது?" என்று கேட்டார்.

சகோதரிகளே, இந்த இடத்தில் அந்த அம்மையாரைக் கவனியுங்கள். 'எல்லாம் உங்களால் வந்த வினை' என்று அவர் சொல்லவில்லை. வீட்டில் ஒன்றும் இல்லை, இனிக் கடன் தருவாரும் இல்லை என்ற உண்மையைச் சொன்னார். கூடவே ஒரு வழியும் சொன்னார். அன்று பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைத்துவிடலாம் என்றார்!

கொட்டும் மழையில், இருட்டில், காலால் வழியைத் தடவித் தடவி வயலுக்குப் போனார் மாறனார். தண்ணீரில் மிதந்த முளைநெல்லைக் கூடையில் வாரி வந்தார். அம்மையார் வாசலிலேயே காத்திருந்து வாங்கி, சேறு போகக் கழுவினார். அடுப்பெரிக்க விறகில்லை. கூரை வரிச்சுகளை வெட்டித் தந்தார் கணவர். ஈர நெல்லை வறுத்துக் குற்றி அரிசியாக்கி உலையில் இட்டார் மனைவி. கொல்லையில் சரியாக வளராத கீரையைப் பறித்து வந்தார் கணவர். அந்த ஒரே கீரையில் விதவிதமாகக் கறி சமைத்தார் மனைவி. அடியாரை அமுது செய்ய எழுப்பியபோது அவர் சோதியாகி மறைந்தார். பின் உமையம்மையுடன் விடைமேல் காட்சி தந்து, இருவரையும் தம் உலகுக்கு அழைத்துக்கொண்டார்.

இவ்வளவு பெரிய காரியம் செய்த அந்த அம்மையாரின் பெயரைப் பெரிய புராணம் சொல்லவில்லை. பெயர் தெரியாமல் அடுப்படியில் நின்று குடும்பத்தைத் தாங்கும் ஒவ்வொரு பெண்ணும் அவரில் தன்னைக் காணலாம்.

விதைநெல்லையும் எடுத்துக் கொடுத்துவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். குழந்தையின் பள்ளிக் கட்டணத்தை எடுத்துத் தானம் செய்யுங்கள் என்றோ, கடன் வாங்கி விருந்து வையுங்கள் என்றோ இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அது நாயன்மார்களின் நிலை. நமக்கான பாடம், நிலைமை மாறும்போது கொடுக்கும் பொருள் மாறலாம், அன்பு நின்றுவிடக் கூடாது என்பதுதான். அறுசுவை போய்க் கீரை வந்தது. உபசாரத்தில் குறையில்லை.

கொடுக்கக் காசே இல்லையென்றால்? அதற்குத் திருவீழிமிழலை வழி காட்டுகிறது. அங்கே பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்கு உணவளிக்க அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் தினமும் படிக்காசு தந்தருளினார். சம்பந்தரின் காசை மாற்றும்போது வட்டம் பிடித்தார்கள். அப்பரின் காசு குறையின்றிச் செல்லுபடியாயிற்று. அவர் உழவாரப்படை ஏந்தி உடலால் தொண்டு செய்ததே காரணம் என்பார்கள். பிறகு சம்பந்தரும் பதிகம் பாடி நல்ல காசு பெற்றார். கையில் காசு இல்லாவிட்டாலும் கை இருக்கிறதே! பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மருந்து வாங்கித் தரலாம். ஆஸ்பத்திரியில் இருப்பவருக்குத் துணையாக ஒருநாள் உட்காரலாம். கோயிலில் உழவாரப் பணி செய்யலாம்.

2020-ல் கொரோனா வந்தபோது இதை நாமே பார்த்தோம். தங்கள் வீட்டிலும் வருமானம் குறைந்திருந்த பெண்கள், நோயால் தனித்திருந்த குடும்பங்களுக்குச் சமைத்து, பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். மாறனார் வீட்டு அடுப்பின் வெளிச்சம்தான் அது.

காஞ்சி மகா பெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டமும் இல்லத்தரசிகளை நம்பித் தொடங்கியதே. தினமும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வையுங்கள். மாதக் கடைசியில் கோயில் அன்னதானத்துக்கோ, சிரமப்படும் ஒரு குடும்பத்துக்கோ கொடுங்கள். கஷ்ட காலத்திலும் ஒரு பிடி குறைவதால் நம் வீட்டுச் சாப்பாடு குறைந்துவிடாது.

ஆவணி மகம் மாறநாயனாரின் குருபூஜை நாள். அன்று அருகிலுள்ள சிவாலயத்தில் அறுபத்துமூவர் வரிசையில் அவரைத் தரிசியுங்கள். வீட்டில் கீரை சமைத்து, பசியோடு இருக்கும் ஒருவருக்கு முதலில் இலை போடுங்கள். உங்கள் வீட்டில் இப்போது மழைக்காலமாக இருந்தால் அவசியம் செய்யுங்கள். வாசலில் நிற்பவர் யாரென்று யார் கண்டது?